வீட்டில் இணைப்பு, இருவருக்கும் பழக்கம்: டாங்கிளைக் கைபேசியுடனும் டேப்புடனும் இணைக்கும் முறை



குடும்ப நலத் துண்டுப் பிரசுரத்தில் டாங்கிளுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பதிலும் சுலபமானதே.

பிள்ளையின் பாடம், பயிர்க்கடன் செய்தி, ரேஷன் அட்டை விவரம், டாக்டரின் ஆலோசனை என்று வீட்டுக்குத் தேவையான பல காரியங்கள் இன்று இணையத்தின் வழியாகத்தான் நடக்கின்றன. ஆனால் பல வீடுகளில் இணையம் உள்ள கைபேசி ஒன்றே ஒன்றுதான். காலையில் வேலைக்குப் போகிறவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். அவர் திரும்பி வரும் வரை வீட்டில் இருப்பவருக்கு இணையம் கிடையாது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போவதும், ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருப்பதும் அந்த நேரத்தில்தான்.

அதே வீட்டில் ஒரு பழைய டாங்கிள் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். சிம் போட இடமில்லாத ஒரு டேப், பிள்ளைகள் விளையாடும் பொருளாகக் கிடக்கும். இவ்விரண்டையும் சேர்த்துவிட்டால் வீட்டுக்கென்று தனி இணைப்பு கிடைத்துவிடும். அது எப்படி என்பதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது.

டாங்கிள் என்பது என்ன?

பென் டிரைவ் போலக் கட்டைவிரல் பருமனில் இருக்கும். சிலர் டேட்டா கார்டு என்பார்கள், சிலர் நெட்செட்டர் என்பார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு போட வேண்டும். செல் கோபுரத்திலிருந்து வரும் அலையை வாங்கி இணையமாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. ஒரு கைபேசியிலிருந்து திரை, பாட்டரி, ஒலிபெருக்கி ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் மிச்சம் என்ன இருக்குமோ, ஏறக்குறைய அதுதான் டாங்கிள். தனக்கென்று பாட்டரி இல்லாததால், அது எதில் செருகப்படுகிறதோ அதனிடமிருந்துதான் மின்சாரம் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இதனால்தான் வருகின்றன.

நமது மாநிலத்தில் 2011-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டபோது, அதற்குத் துணையாகப் பல வீடுகளில் டாங்கிள் வாங்கினார்கள். மடிக்கணினி பழுதாகியிருக்கலாம். டாங்கிள் நன்றாகவே இருக்கலாம். தூக்கி எறியும் முன் கீழே உள்ள சோதனைகளைச் செய்து பாருங்கள்.

உங்கள் டாங்கிள் எந்த ரகம்?

டாங்கிளில் மூன்று ரகம் உண்டு. ரகம் தெரியாமல் கம்பி வாங்கினால் காசுதான் வீண்.

முதலாவது, டயல் ரகம். கணினியில் செருகியதும் ஒரு சிறிய சன்னல் திறந்து, 'கனெக்ட்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும். பழைய 3ஜி டாங்கிள்கள் பெரும்பாலும் இந்த ரகமே.

இரண்டாவது, பிரவுசர் ரகம். செருகியதும் எதையும் அழுத்தாமலே இணையம் வந்துவிடும். கணினி இதை ஒரு நெட்வொர்க் கார்டு என்று நினைத்துக்கொள்கிறது. அமைப்புகளை மாற்ற பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்ட வேண்டும். பலவற்றில் அந்த முகவரி 192.168.8.1. சிலவற்றில் 192.168.0.1 அல்லது 192.168.1.1. டாங்கிளின் முதுகிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும்.

மூன்றாவது, வைஃபை ரகம். இதற்கு மின்சாரம் மட்டும் கொடுத்தால் போதும், தானே வைஃபை பரப்பும். அடையாளம் என்னவென்றால், மூடியைக் கழற்றினால் உள்ளே வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

கைபேசிக்கும் டேப்புக்கும் மிகச் சுலபமானது மூன்றாவது ரகம். இரண்டாவது ரகம் பல கருவிகளில் வேலை செய்யும். முதல் ரகம் சிலவற்றில் மட்டுமே வேலை செய்யும். புதிதாக வாங்குகிறவர்கள் யோசிக்காமல் வைஃபை ரகத்தையே கேட்டு வாங்குங்கள்.

முதலில் சிம் சோதனை

எந்த ரகமாக இருந்தாலும் முதலில் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. உங்கள் ஊரில் எந்த அலை கிடைக்கிறது? ஜியோ 2016 செப்டம்பரில் தொடங்கியபோதே 4ஜி-யாகத்தான் தொடங்கியது. அதில் 3ஜி கிடையாது. ஏர்டெல் தனது 3ஜி சேவையை 2020-க்குள் நிறுத்திவிட்டது. ஆகவே 3ஜி மட்டுமே தெரிந்த டாங்கிளில் இந்த சிம்களைப் போட்டு இணையம் வரவில்லையே என்று வருந்த வேண்டாம். டாங்கிளின் மேல் '4ஜி' அல்லது 'எல்.டி.இ.' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. சிம் போடும் இடமே இல்லாத பழைய டாங்கிள்கள் சில உண்டு. அவை சி.டி.எம்.ஏ. முறையில் ஓடியவை. அந்தச் சேவை இப்போது நம் நாட்டில் இல்லை. அவற்றை ஒதுக்கிவிடலாம்.

3. கம்பெனிக்காரர்கள் விற்ற டாங்கிள்கள் பல, அந்தந்தக் கம்பெனியின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டவை. வேறு சிம் போட்டால் 'தவறான சிம்' என்று சொல்லும். கடைக்குப் போகும்போது இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. பழைய டாங்கிளில் பெரிய அளவு சிம்தான் பொருந்தும். இன்றைய சிறிய நானோ சிம்மை வெறுமனே உள்ளே தள்ளிவிடாதீர்கள், சிக்கிக்கொள்ளும். பத்திருபது ரூபாய்க்கு சிம் அடாப்டர் என்று ஒரு சட்டம் கிடைக்கும். அதில் வைத்துச் செருகுங்கள்.

5. சிம்முக்கு நான்கு இலக்க பின் எண் வைத்திருந்தால், ஒரு கைபேசியில் போட்டு அதை நீக்கிவிட்டுப் பிறகு டாங்கிளில் போடுங்கள். மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும்.

சுலப வழி: வைஃபை ரகத்தை இணைப்பது

கைபேசியில் நேராகச் செருக வேண்டாம். சாதாரண கைபேசி சார்ஜரிலோ பவர் பாங்கிலோ செருகுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள். விளக்கு சிமிட்டி நின்று, நிலையாக எரியத் தொடங்கும். கைபேசியிலோ டேப்பிலோ வைஃபையை ஆன் செய்தால், மூடியில் கண்ட பெயர் பட்டியலில் தெரியும். அதைத் தொட்டு, கடவுச்சொல்லை எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் முக்கியம்.

வைஃபை சேர்ந்தும் இணையம் வரவில்லையா? அப்படியானால் ஏ.பி.என். என்னும் வாசல் பெயர் சரியில்லாமல் இருக்கலாம். பிரவுசரில் முன்பு சொன்ன முகவரியைத் தட்டி, உள்ளே போய், 'ஏ.பி.என்.' என்ற இடத்தில் உங்கள் கம்பெனியின் பெயரைப் போட வேண்டும். பி.எஸ்.என்.எல். சிம்முக்கு 'பிஎஸ்என்எல்நெட்', ஜியோவுக்கு 'ஜியோநெட்', ஏர்டெல்லுக்கு 'ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் எழுதுங்கள். சேமித்துவிட்டு, டாங்கிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

இந்த வழியில் இன்னொரு நன்மை உண்டு. ஒரே டாங்கிளில் டேப், கைபேசி, பிள்ளையின் மடிக்கணினி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்க்கலாம்.

கம்பி வழி: நேராகச் செருகுவது

வைஃபை இல்லாத டாங்கிள்தான் வீட்டில் இருக்கிறது என்றால் கம்பி வழிதான். இதைப் புரிந்துகொள்ள விருந்தாளியையும் வீட்டுக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யூ.எஸ்.பி. இணைப்பில் எப்போதும் ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் விருந்தாளி. பேச்சைத் தொடங்குவதும் வீட்டுக்காரர்தான், சோறு போடுவதும் அவர்தான். இங்கே சோறு என்பது மின்சாரம். கைபேசியைக் கணினியில் மாட்டும்போது கணினி வீட்டுக்காரர், கைபேசி விருந்தாளி. டாங்கிளும் விருந்தாளிதான். இரண்டு விருந்தாளிகளை எதிரெதிரே உட்கார வைத்தால் யார் பரிமாறுவது? அதனால்தான் கைபேசியிலும் டேப்பிலும் டாங்கிளை வெறுமனே மாட்டினால் ஒன்றும் நடப்பதில்லை.

கைபேசியை வீட்டுக்காரராக மாற்றுவதற்கு ஒரு கம்பி உண்டு. அதன் பெயர் ஓ.டி.ஜி. கம்பி. ஒரு முனை கைபேசிக்குள் போகும். மறு முனையில் டாங்கிள் நுழையும் அகலமான வாய் இருக்கும். இம்முறை 2001-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு கருவிகளில் 2011-ஆம் ஆண்டு வந்த 3.1 பதிப்பிலிருந்து இதற்கு இடம் உண்டு. பார்க்க சார்ஜர் கம்பி போலவே இருந்தாலும், இதன் முனையில் உள்ள ஓர் அடையாளம் 'இப்போது நீதான் வீட்டுக்காரர்' என்று கைபேசிக்குச் சொல்கிறது. சார்ஜர் கம்பியை வெட்டி ஒட்டி இந்த வேலையைச் செய்ய முடியாது. செய்யவும் கூடாது.

கடையில் வாங்கும்போது உங்கள் கருவியின் துளையைக் காட்டி வாங்குங்கள். ஒருபுறம் குறுகலாக இருந்தால் மைக்ரோ. நீள்வட்டமாக, எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல் இருந்தால் டைப்-சி.

கம்பி வழி வேலை செய்ய மூன்று நிபந்தனைகள்:

ஒன்று, கருவிக்கு ஓ.டி.ஜி. தெரிந்திருக்க வேண்டும். இதைச் சோதிக்க டாங்கிளே வேண்டாம். கம்பியில் ஒரு கணினி மவுஸை மாட்டிப் பாருங்கள். திரையில் அம்புக்குறி தெரிந்தால் தெரியும் என்று அர்த்தம். சில கைபேசிகளில் செட்டிங்ஸில் 'ஓ.டி.ஜி.' என்பதை நாமே ஆன் செய்ய வேண்டும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானே அணைந்துவிடும்.

இரண்டு, டாங்கிளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்க வேண்டும்.

மூன்று, டாங்கிளின் பாஷை கருவிக்குப் புரிய வேண்டும்.

இணைக்கும் முறை

1. கருவியில் முழு சார்ஜ் ஏற்றுங்கள்.
2. மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அப்போதுதான் வருவது டாங்கிளின் இணையமா, வேறா என்று தெரியும்.
3. முதலில் டாங்கிளைக் கம்பியில் செருகுங்கள். பிறகு கம்பியைக் கருவியில் செருகுங்கள்.
4. ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.
5. பிரவுசர் ரகமாக இருந்தால், பல கருவிகளில் திரையின் மேல் ஓரத்தில் இரு அம்புமுனைகளுக்கு நடுவே புள்ளிகள் வைத்தது போல் ஒரு சின்னம் வரும். செட்டிங்ஸில் 'ஈதர்நெட்' என்றும் காட்டலாம். இணைப்பு கிடைத்துவிட்டது.
6. டயல் ரகமாக இருந்தால், செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதியில் '3ஜி டாங்கிள்' அல்லது 'யூ.எஸ்.பி. மோடம்' என்று ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அங்கே ஏ.பி.என். பெயரும், டயல் எண் *99# என்பதும் போட வேண்டும்.

டயல் ரகத்தில் ஏன் இவ்வளவு தொல்லை?

டயல் ரக டாங்கிளை முதலில் செருகும்போது அது தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'நான் ஒரு சி.டி.' என்றுதான் சொல்கிறது. கணினி அந்த சி.டி.யைத் திறந்து அதிலுள்ள மென்பொருளை ஏற்றிக்கொண்ட பிறகுதான், டாங்கிள் மோடமாக மாறும். இந்த மாற்றத்தைச் செய்யக் கணினிக்குத் தெரியும். சில டேப்புகளுக்கு மட்டுமே தெரியும். மற்ற டேப்புகளில் 'புதிய சேமிப்பு வந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடும். இது டாங்கிளின் பழுதும் அல்ல, உங்கள் தவறும் அல்ல.

இப்படிப்பட்ட சமயத்தில் 'ரூட் செய்து தருகிறேன், எல்லாம் ஓடும்' என்று யாராவது சொல்வார்கள். ரூட் செய்வதென்றால் கருவியின் உட்பூட்டுகளை உடைப்பது. உடைத்தபின் வங்கி செயலிகள் பல ஓடாமல் நின்றுவிடும். திருட்டு மென்பொருள் நுழையவும் வழி திறந்துவிடும். பணம் புழங்கும் கைபேசியில் இதைச் செய்யவே வேண்டாம். டயல் ரக டாங்கிளை மடிக்கணினியிலேயே போட்டு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா?

இது பசியின் அறிகுறி. பழைய யூ.எஸ்.பி. கணக்குப்படி கணினியின் துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும். டாங்கிள் அதில் முழுவதையும்கூட இழுக்கும். கைபேசி அவ்வளவு கொடுக்காமல் போகலாம். அப்போது டாங்கிள் விழிக்கும், கோபுரத்தைத் தேடும், மின்சாரம் போதாமல் மயங்கும், மறுபடி விழிக்கும்.

கோபுரம் தூரமாக இருக்கும் ஊரில் இது அதிகம். அலை பலவீனமாக இருந்தால் டாங்கிள் உரக்கக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. உரக்கக் கத்தினால் அதிகம் பசிக்கும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. தனியாக சார்ஜர் மாட்டும் வசதியுள்ள யூ.எஸ்.பி. ஹப் வாங்கி, அதை ஓ.டி.ஜி. கம்பியில் மாட்டி, டாங்கிளை ஹப்பில் செருகுங்கள். அப்போது சோறு சார்ஜரிலிருந்து வரும், பேச்சு கைபேசியிலிருந்து வரும். கவட்டை போல இரண்டு கால் உள்ள ஒய் கம்பியும் கிடைக்கும். அதன் ஒரு கால் பவர் பாங்கில் போகும்.

இவை இல்லாமல் நேராக மாட்டினால் கருவியின் பாட்டரிதான் தேயும். 4000 மில்லி ஆம்பியர் மணி பாட்டரி உள்ள கைபேசியில், டாங்கிளும் திரை வெளிச்சமும் சேர்ந்து மூன்று நான்கு மணி நேரத்தில் காலி செய்துவிடக் கூடும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒரு வீட்டுப் பேச்சு

இணைப்பு வந்துவிட்டது. அதோடு எல்லாம் முடிந்ததா? ஒரு தம்பதியின் பேச்சைக் கேளுங்கள். கணவர் திங்கட்கிழமை திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை திரும்புகிறவர்.

மனைவி: என்னங்க, டேப்புல நெட்டு வந்திருச்சு. ஆனா டாக்டர்கிட்ட பேசுற அந்த இ-சஞ்சீவனிக்குள்ள போக முடியலைங்க.

கணவர்: ஏன், என்ன சொல்லுது?

மனைவி: நம்பரைப் போட்டேன். ஓ.டி.பி. வரும்னு சொல்லுது. அது உங்க போனுக்குல்ல வருது? நீங்க திருப்பூர்ல மெஷினு முன்னாடி இருக்கீங்க.

கணவர்: ஆமா புள்ள, வேலை நேரத்துல போனை எடுக்க விடமாட்டாங்களே.

மனைவி: அப்ப பிள்ளைக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சலா இருந்தாலும் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கணுமா?

கணவர்: அது சரியில்ல. வீட்டுலயே இருக்குற நம்பரை வெச்சு உன் பேர்ல பதிஞ்சிருவோம்.

இந்த மனைவி கேட்டது பெரிய கேள்வி. இணைப்பு வீட்டில் இருந்தும் சாவி வெளியூரில் இருந்தால் என்ன பயன்? இ-சஞ்சீவனி மத்திய அரசின் தொலை மருத்துவச் சேவை. 2019-இல் தொடங்கி, 2020 ஏப்ரல் முதல் வீட்டிலிருந்தே டாக்டரிடம் ஆலோசனை கேட்கும் வசதியும் இதில் வந்தது. இது போன்ற எந்தச் சேவைக்கும் ஒருமுறைக் கடவு எண்ணாகிய ஓ.டி.பி. தேவை. அது யார் கையில் உள்ள எண்ணுக்கு வருகிறதோ, அவர்தான் உள்ளே போக முடியும்.

பிரவுசர் ரகம், வைஃபை ரகம் இரண்டிலும் டாங்கிளின் பக்கத்துக்குள் 'மெசேஜ்' என்ற பகுதி இருக்கும். டாங்கிளில் உள்ள சிம்முக்கு வரும் செய்திகளை அங்கே படிக்கலாம். ஆனால் எல்லா சிம்மிலும், எல்லா டாங்கிளிலும் செய்தி வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே வீட்டில் ஒரு சாதாரண பட்டன் போன் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவரின் பெயரில் பதியும் சேவைகளுக்கு அந்த எண்ணையே கொடுங்கள்.

பட்டன் போன் வேண்டும் என்பதற்கு இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. டாங்கிள் இணையத்துக்கு மட்டுமே. அதை மாட்டிய டேப்பிலிருந்து 108-ஐ அழைக்க முடியாது. பிரசவ வலி, பாம்புக்கடி, மூச்சுத் திணறல், வலிப்பு, விபத்து என்றால் டேப்பைத் தேடாதீர்கள். பட்டன் போனை எடுத்து 108-க்குப் பேசுங்கள். அது கட்டணமில்லாத ஆம்புலன்ஸ். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104. அதன் பிறகுதான் திரையும் வீடியோவும்.

எங்கே வைப்பது?

தகரக் கூரை அலையை மறைக்கும். கம்பி போட்ட காங்கிரீட்டும் அலையைக் குறைக்கும். ஆகவே டாங்கிளை நடு வீட்டில் வைக்காமல், கோபுரம் இருக்கும் திசையில் உள்ள சன்னலோரம் வையுங்கள். நீட்டிப்புக் கம்பி போட்டு உயரத்தில் வைத்தால் இன்னும் நல்லது. டாங்கிளின் பக்கத்தில் சிக்னல் கோடுகள் தெரியும். இடத்தை மாற்றி மாற்றி வைத்து, கோடு அதிகம் வரும் இடத்தில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். மழைச்சாரல் படாத இடமாக இருக்கட்டும்.

கரண்ட் போனால் வைஃபை டாங்கிளைப் பவர் பாங்கில் மாட்டலாம். 10000 மில்லி ஆம்பியர் மணி பவர் பாங்க் நல்ல நிலையில் இருந்தால் ஏறத்தாழ பத்து மணி நேரம் தாங்கும்.

பாதுகாப்பு

டாங்கிள் ஓடும்போது சூடாகும். தலையணை, துணி, தொட்டில் சேலை ஆகியவற்றின் மேலோ அடியிலோ வைக்காதீர்கள். சிம்மும் டாங்கிள் மூடியும் குழந்தை விழுங்கக்கூடிய அளவுடையவை. கம்பி கழுத்தில் சுற்றக்கூடியது. தொட்டிலுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

மூடியில் அச்சிட்ட கடவுச்சொல் கடைக்காரருக்கும் தெரியும். முதல் நாளே மாற்றிவிடுங்கள். புதிய சொல்லை இருவரும் மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைகளின் பெயரை அப்படியே கடவுச்சொல்லாக வைக்காதீர்கள்.

ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பேங்க் மேனேஜர் என்று சொன்னாலும், ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: கர்ப்பிணி இருக்கும் வீட்டில் டாங்கிள் வைக்கலாமா? அலை குழந்தையைப் பாதிக்காதா?

பதில்: வைக்கலாம். 4ஜி முறையில் டாங்கிள் வெளியிடும் அலையின் சக்தி அதிகபட்சம் ஏறத்தாழ கால் வாட்தான். கைபேசியும் அப்படித்தான். கைபேசி போன்ற கருவிகளால் உடல்நலக் கேடு வருவதாக நிரூபிக்கப்படவில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. கவலை இருந்தால் சன்னலோரம் தள்ளி வையுங்கள். சிக்னலுக்கும் அதுவே நல்லது.

கேள்வி: தினக் கணக்கு டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறதே?

பதில்: டேப்பில் 'தானாகப் புதுப்பித்தல்' என்பதை அணைத்துவிடுங்கள். வீடியோ தெளிவைக் குறையுங்கள். ஒரு மணி நேர வீடியோ அரை ஜி.பி.க்கு மேலும் இழுக்கக்கூடும். டாக்டரிடம் பேச வேண்டிய நாளில் அதற்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவரின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டால் போதாதா?

பதில்: அவர் வீட்டில் இருக்கும்போது போதும். அதுவே மிகச் சுலபம், செலவும் இல்லை. அவர் இல்லாத நேரத்துக்குத்தான் டாங்கிள்.

கேள்வி: எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். நான் இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அமைப்பு வேலையை ஒருமுறை செய்துவிட்டால், பிறகு தினமும் செய்ய வேண்டியது இரண்டே காரியம்: செருகுவது, விளக்கு நிலையாக எரியும் வரை காத்திருப்பது. மிக்ஸி ஓட்டத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை அல்ல.

இருவரும் செய்ய வேண்டிய ஒத்திகை

இந்த வாரக் கடைசியில் கணவரும் மனைவியும் சேர்ந்து ஓர் ஒத்திகை பாருங்கள். டாங்கிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். கணவர் வாயைத் திறக்கக் கூடாது, கையையும் நீட்டக் கூடாது. மனைவி தானே மாட்டி, இணையம் வரவழைத்து, இ-சஞ்சீவனியின் முதல் பக்கத்தைத் திறக்க வேண்டும். அடுத்து கணவரின் முறை. டாங்கிளை மாட்டியது மனைவிதான் என்றால், கணவருக்கும் சொல்லித்தர வேண்டும் அல்லவா? மாமியார், மாமனார் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். தடுமாறிய இடத்தை ஒரு தாளில் எழுதி, டாங்கிள் இருக்கும் இடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: வைஃபை பெயர், டாங்கிளின் சிம் எண், ரீசார்ஜ் தீரும் தேதி, டாங்கிள் பக்கத்தின் முகவரி, 108, 104, 1930. கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

வைஃபை ரகம் இருந்தால் கம்பி வேண்டாம்.
கம்பி வழி என்றால் ஓ.டி.ஜி., மின்சாரம், பாஷை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.
விளக்கு எரிந்து அணைந்தால் மின்சாரம் போதவில்லை என்று அறிக.
ஓ.டி.பி. வரும் எண் வீட்டில் இருப்பவர் கையில் இருக்க வேண்டும்.
உயிருக்கு ஆபத்து என்றால் இணையம் தேடாதே, 108-க்குப் பேசு.

இதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இந்தப் பிரசுரத்தைக் காட்டிக் கேளுங்கள். படித்து முடித்ததும் மடித்து வைக்காமல் பக்கத்து வீட்டுத் தம்பதிக்கும் கொடுங்கள்.

கருவி ஒன்று போதும்! கற்றவர் இருவர் வேண்டும்!